அத்தியாயம் 3: மடையானிடம் கற்ற காலடி

சம்பா நடவு முடிந்து இருபது நாள் ஆன வயல். காலை ஆறு மணி. வாய்க்கால் தண்ணீர் வயலுக்குள் விழுகிற மடையில் ஒரு மடையான் நிற்கும். குருட்டுக் கொக்கு என்றும் அதைச் சொல்வோம். உடம்பு மண் நிறம், கழுத்தில் பழுப்புக் கீற்றுகள். வரப்பில் நடந்து வருகிறவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. பத்தடி, எட்டடி, ஐந்தடி என்று நெருங்கி, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற இடத்தில் திடீரென்று வெள்ளை வெளேரென்று இரண்டு இறக்கைகள் விரியும். நாம் திகைத்து நின்றுவிடுவோம். திகைப்பு தெளிவதற்குள் அது அடுத்த வரப்பைத் தாண்டியிருக்கும்.

அந்தத் திகைப்பை ஒரு தற்காப்பு முறையாக மாற்ற முடியுமா என்பதுதான் இந்த அத்தியாயம். முடியும். எனக்கு ஒன்பது வருடம் பிடித்தது. நான் போன தப்பான வழிகளை முன்கூட்டியே சொல்லிவிட்டால் உங்களுக்கு மூன்று வருடம் போதும்.

முதல் அத்தியாயத்தில் சொன்னதை இங்கே நினைவுபடுத்துகிறேன். ஏற்கெனவே ஏதாவது ஒரு கலையில், சிலம்பமோ களரியோ கராத்தேயோ ஜூடோவோ, குறைந்தது ஐந்து வருடம் அடி வாங்கியும் கொடுத்தும் பழகியவர்களுக்காக எழுதப்பட்ட புத்தகம் இது. அந்தப் பழக்கம் இல்லாதவர் இயற்கையைப் பார்த்துக் கலை செய்யப் போனால் நாட்டியம்தான் கிடைக்கும். நாட்டியம் உயர்ந்த விஷயம். ஆனால் தெருவில் ஒருவன் சட்டையைப் பிடிக்கும்போது உதவுவது வேறு.

புலி வரிசை

எனக்கு இருபத்துநான்கு வயதில் நான் ஒரு 'புலி வரிசை' அமைத்தேன். பதினாறு அசைவுகள். விரல்களை மடக்கி நகம்போல வைத்துக்கொண்டு கீறுவது, பதுங்குவது, பாய்வது. புலியை நான் பார்த்திருந்தது வண்டலூர் உயிரியல் பூங்காவில் ஒரு மதியம், அதுவும் அது தூங்கும்போது. மற்றதெல்லாம் சினிமா. திருவிழாவில் ஆடிக் காட்டினேன், நல்ல கைதட்டு. மறு வாரம் களத்தில் கூடப் பழகுகிற ஒருவனிடம், "நிஜமாவே அடி, நான் புலி வரிசையில தடுக்கிறேன்" என்றேன். அவன் கம்பை நேராக என் கையை நோக்கிக் குத்தினான். மடக்கி வைத்திருந்த மோதிர விரல் பின்பக்கமாகப் போய் முறிந்தது. இன்றைக்கும் அந்த விரல் முழுசாக மடங்காது.

கட்டுப் போட்டுக்கொண்டு போய் நின்றபோது வாத்தியார் திட்டவில்லை. "புலிக்கு நகம் இருக்கு. உனக்கு என்னடா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

இந்தத் துறையில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் அந்தக் கேள்விதான். புலியின் அடி நகத்தில் தொடங்குவதில்லை. பின்னங்காலில் தொடங்குகிறது. இருநூறு கிலோ உடம்பு முழுக்க அந்தக் காலுக்குப் பின்னால் போய், அங்கிருந்து ஒரே வீச்சில் முன்னால் வருகிறது. நகம் கடைசியில் வந்து சேர்கிற முனை. நான் அந்த முனையை எடுத்துக்கொண்டு வேரை விட்டுவிட்டேன்.

ஆகவே ஒரு பிராணியைப் பார்க்கும்போது உங்களை நீங்களே கேட்க வேண்டியது: இது பார்க்க எப்படி இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, இப்போது இது எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது? அதே சிக்கல் இரண்டு கால், இரண்டு கை, நகமும் அலகும் இல்லாத எனக்கு எப்போது வரும்? வந்தால் என் உடம்பில் எதை வைத்துத் தீர்ப்பேன்?

கொக்கை விரட்டிய பெண்

சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் யோங்சுன் என்ற ஊர். வெண்கொக்குக் குத்துச்சண்டை முறையின் பிறப்பிடம். அதைத் தொடங்கியவர் ஃபாங் ச்சீநியாங் என்ற பெண் என்பது மரபு. வீட்டருகே வந்த கொக்கை அவர் மூங்கில் கழியால் விரட்டப் பார்த்தாராம். தலையில் அடித்தால் தலை விலகியது. இறக்கையில் அடித்தால் இறக்கை கழியை ஒதுக்கித் தள்ளியது. உடம்பில் குத்தினால் பின்வாங்கி, அலகால் கழியைக் கொத்தியது. தகப்பனாரிடம் ஏற்கெனவே சண்டைக்கலை கற்றிருந்த அந்தப் பெண் யோசிக்க ஆரம்பித்தார் என்று கதை போகிறது.

மரபுக் கதைதான், சாட்சி கேட்க முடியாது. ஆனால் அதில் உள்ள முறையைக் கவனியுங்கள். அந்தப் பெண் கொக்கை ரசித்துக்கொண்டு நிற்கவில்லை. கழியால் கேள்வி கேட்டார். மேலே, நடுவே, கீழே என்று மூன்று கேள்விக்கும் மூன்று பதில் கிடைத்தது. கையில் கழி பிடிக்கத் தெரிந்தவர் என்பதால் பதில்களும் அவருக்குப் புரிந்தன. ஐந்து வருடம் பழகிய பிறகே வாருங்கள் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் இதுதான்.

பிறகு நடந்தது இன்னும் முக்கியம். ஃபூஜியான் முறைகள் ஒகினாவா தீவுக்குப் போயின. ஹிகாவோன்னா கன்ரியோ என்பவர் ஃபூஜோ நகரத்துக்குப் போய்ப் பழகித் திரும்பினார். அவருடைய மாணவர் மியாகி சோஜுன் தன் முறைக்குக் கோஜு ரியூ என்று பெயர் வைத்தார். கடினமும் மென்மையும் என்று பொருள். அதன் அடிப்படைப் பயிற்சியான 'சான்சின்' வெண்கொக்கு மரபோடு உறவுள்ளது என்றே கராத்தேக்காரர்கள் கருதுகிறார்கள். நம் ஊர்க் கராத்தே வகுப்புகளிலும் அதைப் பார்க்கலாம். பார்த்தால் கொக்கு ஞாபகமே வராது. யாரும் இறக்கை அடிப்பதில்லை. தரையைப் பிடிக்கிற பாதம், முழங்கையை விலாவோடு ஒட்டி வைப்பது, மூச்சு, இவ்வளவுதான் இருக்கும். தலைமுறை தலைமுறையாக உருவம் உதிர்ந்து வேலை மட்டும் தங்கிவிட்டது. உங்கள் கலையும் நன்றாக வளர்ந்தால் ஒருநாள் அதில் பிராணி தெரியாமல் போகும். அதற்காக வருத்தப்படாதீர்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது

தினமும் பார்க்க முடிகிற பிராணியைத் தேர்ந்தெடுங்கள். சிங்கம், டிராகன், ராஜநாகம் எல்லாம் வேண்டாம். வயலோரம் இருப்பவருக்கு மடையான், வேலி ஓணான், கீரி. நகரத்தில் இருப்பவருக்குப் பூனை இருக்கிறது, காக்கை இருக்கிறது. உடம்பு சிறியவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது கரிச்சான். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் இரட்டைவால் குருவி. கூடு கட்டியிருக்கும் காலத்தில் அது காக்கையை மட்டுமா விரட்டும், பருந்தையே துரத்தும். எப்போதும் மேலிருந்தும் பின்னாலிருந்தும்தான் வரும், ஒருபோதும் நேருக்கு நேர் மோதாது. பருந்து திரும்புவதற்குள் விலகிவிடும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய எதிரியோடு எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிராணிகளைப் பிடித்து வைத்து, மோதவிட்டுப் பார்க்காதீர்கள். பாம்பையோ கீரியையோ பிடிப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி குற்றம். பிராணிகளைச் சண்டைக்குத் தூண்டுவது 1960-ஆம் வருடத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படியும் குற்றம். சட்டம் இருக்கட்டும், அடைத்து வைத்த பிராணி பயத்தைத்தான் காட்டும், திறமையைக் காட்டாது. அதனிடம் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.

நோட்டுப் புத்தகம்

மூன்று மாதம், வாரத்துக்கு நான்கு காலை, ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம். கையில் நோட்டும் பேனாவும். செல்போனில் படம் எடுத்தால் வீட்டில் மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம், நல்லதுதான். ஆனால் முதல் மாதம் படம் எடுக்காதீர்கள். படம் எடுக்கிறவன் கண் கொக்கு அசையும்போது மட்டும் விழித்துக்கொள்ளும். நமக்கு அசையாத நேரமும் வேண்டும்.

என் பழைய நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

"மேகமூட்டம். 6.10 மடைக்கு இடப்பக்கம் நிற்கிறது. கழுத்து உள்ளே. 6.31 வரை இடம் மாறவில்லை. தலை மட்டும் ஒருமுறை சாய்ந்தது. 6.32 வலது காலைத் தூக்கியது. தூக்கும்போது விரல்கள் ஒன்றுசேர்ந்து தொங்கின. தண்ணீரில் வளையம் வரவில்லை. வைக்கும்போது விரல் நுனி முதலில், பிறகு விரித்தது. எடை இன்னும் இடது காலில். பிறகுதான் உடம்பு முன்னால் வந்தது. தலை உயரம் மாறவில்லை. 6.34 கொத்தியது. கால் நகரவே இல்லை. சின்னத் தவளை. 6.35 மறுபடி பழைய இடம்."

இருபத்தைந்து நிமிடத்தில் ஒரு அடி, ஒரு கொத்து. முதல் மாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. வரப்பில் புல் அறுக்க வந்த அம்மா ஒருவர், "மடையானப் பாத்துக்கிட்டு நிக்கிறியே தம்பி, அதுவே சும்மாதான நிக்குது" என்றார். அது ஏன் சும்மா நிற்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் மீனையும் தவளையையும் மடை வழியாகத்தான் கொண்டுவருகிறது. கொக்கு இரையைத் தேடிப் போகவில்லை. இரை வந்தே தீரவேண்டிய வாசலில் இடம் பிடித்திருக்கிறது. அதன் சண்டையில் பாதி, இடத்தைத் தேர்ந்தெடுத்தபோதே முடிந்துவிட்டது.

எழுதி வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சீனாவின் ஷிங்யீ முறையில் பன்னிரண்டு பிராணிகளின் வடிவங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று எந்தப் பறவை என்பதில் அந்த மரபுக்காரர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. அசைவு தப்பிப் பிழைத்தது, பார்த்தவர் பார்த்தது தொலைந்துவிட்டது. உங்கள் மாணவருக்கு அந்த நிலை வரக்கூடாது.

மாற்றி அமைப்பது

மூன்று மாத முடிவில் என் நோட்டில் நான்கு விஷயங்கள் தேறின. ஒவ்வொன்றையும் மனித உடம்புக்கு எப்படிக் கொண்டுவந்தேன் என்று சொல்கிறேன். உங்கள் பிராணி வேறாக இருந்தாலும் வழி இதுதான்.

முதலாவது, நடை. கொக்கு எடையில்லாத காலை முன்னால் அனுப்பி, தரை சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே எடையை மாற்றுகிறது. நாம் நடப்பது நேர்மாறு. விழப்போய், விழுவதற்குள் காலை ஊன்றிக்கொள்கிறோம். சண்டையில் அந்த விழுகிற நேரத்தில்தான் காலை வாரிவிடுகிறார்கள்.

பயிற்சிக்கு நாற்று நட உழுது வைத்த சேறு கிடைத்தால் மிக நல்லது. இல்லையென்றால் ஆற்று மணல். கணுக்கால் முழுகும் அளவு போதும். தலையில் சும்மாடு வைத்துக்கொள்ளுங்கள். இடது காலில் முழு எடையும் நிற்க, வலது முழங்காலை நேராக மேலே தூக்குங்கள். பாதத்தை முன்னால் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். சேறு 'சப்'பென்று சத்தம் போட்டால் தவறு. விரல்கள் கீழே தொங்கட்டும். முன்னால் கொண்டுபோய் விரல் நுனியை முதலில் இறக்குங்கள், பிறகு பாதம். இப்போது நில்லுங்கள். யாராவது உங்கள் வலது காலை இந்த நிமிடம் உதைத்தால் நீங்கள் விழக்கூடாது, கால் மட்டும் போய்வர வேண்டும். கூட்டாளியை உதைக்கச் சொல்லியே பாருங்கள். பிறகு எடையை மாற்றுங்கள். ஓர் அடிக்கு ஆறு விநாடி, ஒரு தடவைக்கு இருபது அடி, அதாவது இரண்டு நிமிடம். சும்மாடு விழாமல், சத்தம் வராமல் இரண்டு நிமிடம் நடக்க எனக்குப் பதினெட்டு நாள் ஆனது. அதன் பிறகே வேகம் கூட்டினேன். ஆறு விநாடி மூன்றாக, மூன்று ஒன்றாக. கடைசியில் சாதாரண நடைபோலவே தெரியும். ஆனால் வாருகிற காலுக்கு அகப்படாது.

இரண்டாவது, கழுத்து. கொக்கின் கழுத்து 'எஸ்' எழுத்துபோல மடிவதற்குக் காரணம் அதன் ஆறாவது கழுத்தெலும்பு மற்றவற்றைவிட நீண்டிருப்பது. மடித்து வைத்திருக்கும்போது அதற்குக் கழுத்தே இல்லாததுபோல் இருக்கும். தவளை கொக்கின் உடம்பைப் பார்த்துத் தூரத்தைக் கணக்கிட்டு, பத்திரம் என்று நினைக்கிறது. இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது தூரத்தை மறைப்பது. நமக்குக் கழுத்து இல்லை, கை இருக்கிறது, அதற்குப் பின்னால் தோளும் இடுப்பும் இருக்கின்றன.

சுவரைப் பார்த்து நின்று அளந்து பாருங்கள். கையை மட்டும் நீட்டினால் என் உள்ளங்கை இரண்டு அடி இரண்டு அங்குலம் எட்டும். கால் இடம் மாறாமல், பின்காலில் இருந்த எடையை முன்காலுக்கு மாற்றி, இடுப்பையும் தோளையும் திருப்பினால் மூன்றே கால் அடி. ஓரடிக்கு மேல் கூடுதல். எதிராளிக்கு அந்த ஓரடி தெரியக்கூடாது. அதற்கு முழங்கை விலாவோடு ஒட்டி, எடை பின்காலில், தோள் தளர்ந்து இருக்க வேண்டும். கைகளைத் தூக்கிப் பாவனை காட்டி நின்றால் அந்த ஓரடியை நீங்களே சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள்.

எதைக் கொண்டு அடிப்பது? கொக்கலகுபோல ஐந்து விரலையும் குவித்துக் கொத்துகிற அடி சீன முறைகளில் உண்டு. பல வருடம் விரலைப் பக்குவப்படுத்தியவர்கள் மென்மையான இடங்களில் மட்டும் பயன்படுத்துவது அது. நீங்கள் செய்யாதீர்கள். என் மோதிர விரலைச் சாட்சிக்கு வைத்துச் சொல்கிறேன். உள்ளங்கையின் அடிப்பாகம் போதும், முன்கை போதும்.

மூன்றாவது, மடை. களத்தில் நான்கு அடி இடைவெளியில் இரண்டு கல்லை வையுங்கள். அதுதான் மடை. ஒருவர் அதற்குப் பின்னால் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்க, மற்றவர் அதன் வழியாக உள்ளே வர வேண்டும். நடுவில் நிற்காதீர்கள். நடுவில் நிற்பவன் தடுப்பவன், ஓரத்தில் நிற்பவன் காத்திருப்பவன். வீட்டு நிலைப்படி, பேருந்தின் படிக்கட்டு, சந்து முனை, மாடிப்படித் திருப்பம் என்று நாம் புழங்குகிற இடத்திலெல்லாம் மடைகள் இருக்கின்றன. இந்தப் பயிற்சிக்குப் பிறகு என் மாணவர்கள் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள்.

நான்காவது, வெள்ளை இறக்கை. இதற்குத்தான் அதிக நாள் ஆனது. கண்ணால் பார்த்ததற்குக் கை பதில் சொல்ல மனிதனுக்குச் சுமார் 0.2 விநாடி ஆகும். எதிர்பாராத ஒன்றைப் பார்த்தால் இன்னும் கூடும். மடையான் அந்த நேரத்தை விலைக்கு வாங்குகிறது. நான் தோளில் போடுகிற துண்டை எடுத்துக்கொண்டேன். பெண்கள் துப்பட்டாவில் பழகுகிறார்கள். இரண்டு கையும் கீழே சேர்ந்திருக்கும். சட்டென்று எதிராளியின் கண் உயரத்துக்குத் துண்டு விரிந்து போகும், அதே நேரத்தில் உங்கள் கால் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். துண்டு போகிற பக்கம் கண் போகும். கண் போகிற பக்கம் நீங்கள் இருக்கக்கூடாது. துண்டு இல்லாவிட்டால் விரித்த இரண்டு உள்ளங்கைகளே இறக்கை. நூறு தடவை செய்து பாருங்கள், கையும் காலும் ஒன்றாகப் புறப்படும்வரை.

ஒற்றைக் கால்

கொக்கு என்றால் எல்லோருக்கும் ஒற்றைக் கால் ஞாபகம் வரும். நானும் வைத்திருந்தேன். என் முதல் கொக்கு வரிசையே ஒற்றைக் காலில்தான் தொடங்கியது, பார்க்க அத்தனை அழகு. மூன்று வருடம் கழித்துத்தான் என் நோட்டையே நான் ஒழுங்காகப் படித்தேன். கொக்கு ஒற்றைக் காலில் நின்றதாக எழுதியிருந்த ஒவ்வொரு குறிப்பிலும் அது ஓய்வில் இருந்தது. பறவைகள் ஒரு காலை இறகுக்குள் இழுத்துக்கொள்வது உடம்புச் சூடு வீணாகாமல் இருக்கத்தான். கொக்கு தூங்குகிற நிலையை நான் சண்டைக்கு எடுத்துக்கொண்டிருந்தேன்.

களத்தில் சோதித்தபோது தோளில் ஒரு தள்ளு போதுமாக இருந்தது. அதை எடுத்துவிட்டேன். முழுசாக எடுக்கவில்லை. கணுக்காலைக் குறிவைத்துக் கம்பு வீசும்போது காலைத் தூக்கி விடுவிப்பது சிலம்பக்காரர்களுக்குத் தெரிந்ததுதான், அது கண நேரம் ஒற்றைக் காலில் நிற்பதுதான். அந்தக் கண நேரம் இருக்கட்டும். அதை ஒரு நிலையாக வைத்துக்கொண்டு நிற்பது வேண்டாம்.

வடக்கன் களரியின் எட்டு வடிவுகளை, யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில், தெரிந்தவரிடம் போய்ப் பாருங்கள். அவை வெறும் நின்று காட்டுகிற நிலைகளாக இருந்தால் இத்தனை காலம் நிலைத்திருக்காது. ஒவ்வொன்றும் அடுத்த அசைவுக்கான வில் வளைப்பு. தாழ்ந்து நிற்கிற யானை வடிவிலிருந்து எழுந்து வருகிற வேகத்தைப் பார்த்தால் புரியும். மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களிடம் இருக்கும் புலிச் சிலாட்டையும் சொல்ல வேண்டும். அதில் நகத்தைவிடத் தரைதான் முக்கியம். தரையோடு தரையாகப் பதுங்கி, கையையும் ஊன்றிக்கொண்டு நகர்வார்கள். ஈரமும் வழுக்கலும் நிறைந்த மண்ணில் நிமிர்ந்து நின்றால் விழவேண்டியதுதான் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். என் புலி வரிசைக்கும் அதற்கும் உள்ள தூரத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

மரம், காற்று, நீர் ஆகியவற்றிலிருந்தும் கலை எடுக்கலாம். பனிப்பாரத்தைத் தாங்காமல் வளைந்து, அதை உதிர்த்துவிட்டு நிமிர்கிற வில்லோ மரத்தைப் பார்த்து எழுந்ததாகச் சொல்லப்படும் யோஷின் ரியூ ஜப்பானில் உண்டு. நம் மூங்கிலும் அதைச் சொல்லும். ஆனால் மரம் எதிராளியைப் பார்ப்பதில்லை, ஏமாற்றுவதில்லை. தூரமும் நேரமும் அதனிடம் கற்க முடியாது. முதல் கலையைப் பிராணியிடமிருந்து எடுங்கள்.

சோதனை

இதைச் செய்யாதவர்களின் கலை அவர்கள் காலத்தோடு முடிந்துவிடும். ஜிகோரோ கானோ 1882-இல் தோக்கியோவில் எய்ஷோஜி என்ற கோயிலில், பன்னிரண்டு பாய் விரித்த இடத்தில் ஜூடோவைத் தொடங்கினார். பழைய ஜுஜுத்சுவில் ஆளை முடமாக்குகிற பிடிகள் நிறைய இருந்தன. ஆபத்தானவை என்பதால் யாரும் அவற்றை முழு வேகத்தில் பழக முடியாது. கானோ அவற்றைச் சுதந்திரப் பயிற்சியிலிருந்து எடுத்து, வடிவப் பயிற்சிக்குள் வைத்தார். மிச்சம் இருந்ததை மாணவர்கள் முழு பலத்தோடு, எதிர்க்கிற ஆளிடம், தினம் தினம் பழகினார்கள். அதனால்தான் அவை கூர்மையாயின. கொல்லும் என்று சொல்லிக்கொண்டு பழகாமல் வைத்திருக்கும் பத்து அடிகளைவிட, தினமும் முழு வேகத்தில் பழகுகிற ஓர் அடி மேல்.

நான் செய்கிற முறை: முதலில் என்ன வரப்போகிறது என்று தெரிந்து, மெதுவாக. பிறகு அதே தாக்குதல், முழு வேகத்தில். மூன்றாவது, என்ன வரும் என்றே தெரியாமல். மூன்றாவது சுற்றுக்கு உங்கள் மாணவரை நிறுத்தாதீர்கள். அவர் தன்னையறியாமல் உங்களுக்கு ஒத்துழைப்பார். வேறு கலை பழகிய ஒருவரை, முடிந்தால் கபடி ஆடுகிறவரைக் கூப்பிடுங்கள். கபடிக்காரர் உங்கள் இலக்கணத்தை மதிக்க மாட்டார், காலைத்தான் பிடிப்பார். தலைக்கவசம், பல்காப்பு, கையுறை கட்டாயம். தொண்டை, கண், கழுத்தின் பின்புறம் ஆகிய இடங்கள் சோதனையில் கிடையாது. வர்மம் தெரிந்தவர்கள் அதைச் சோதனைக்குக் கொண்டுவரவே கூடாது. இருபது தடவையில் பன்னிரண்டு முறையாவது வேலை செய்யாத அசைவை நான் வைத்துக்கொள்வதில்லை. அந்தக் கணக்கில் என்னுடைய இருபத்திரண்டு அசைவுகள் ஏழாகக் குறைந்தன. ஏழும் நடை, ஓரடி, மடை, இறக்கை ஆகிய நான்கில் ஏதாவது ஒன்றிலிருந்து பிறந்தவை.

ஏழு போதுமா என்று கேட்பார்கள். போதும். பாடத்திட்டத்தைப் பெரிதாக்க ஏழோடு பதினைந்தைச் சேர்க்காதீர்கள்.

பெயரும் பிறப்பும்

உங்கள் கலைக்கு வயது கேட்பார்கள். உண்மையான வயதைச் சொல்லுங்கள். மூவாயிரம் வருடம் என்றும், அகத்தியர் ஓலைச்சுவடியில் கிடைத்தது என்றும் சொல்லத் தோன்றும், சொன்னால் கூட்டமும் வரும். செய்யாதீர்கள். சிலம்பத்துக்கும் அடிமுறைக்கும் உண்மையான தொன்மை இருக்கிறது. நாம் நேற்று செய்ததை அதன் மேல் ஏற்றினால், நாளைக்கு உண்மையானதையும் யாரும் நம்ப மாட்டார்கள். நம் ஆசான்கள் வறுமையிலும் விடாமல் காப்பாற்றிக் கொடுத்த சொத்து அது. கானோ தான் தெஞ்சின் ஷின்யோ ரியூவிலும் கிதோ ரியூவிலும் பழகியதை மறைக்கவில்லை. ஜூடோவின் மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை. நீங்களும் பயிற்சி நோட்டின் முதல் பக்கத்தில் யாரிடம் எதைக் கற்றீர்கள், எந்த வயலில் எந்தப் பறவையை எந்த வருடம் பார்த்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள்.

கடைசியாக ஒரு விதி. இதை நான் எழுதவில்லை, என் மாணவி ஒருவர் எழுத வைத்தார்.

நாற்பத்தைந்து கிலோ எடை, மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவர். மூன்றாவது சுற்றுச் சோதனை. எதிரே எண்பது கிலோ கபடிக்காரர். மடையின் ஓரத்தில் நின்றார். கபடிக்காரர் உள்ளே பாய்ந்தபோது துப்பட்டா விரிந்தது. கபடிக்காரரின் கை துணியைப் பிடித்தது. துணிதான் அவர் கையில் இருந்தது. அந்தப் பெண் இரண்டு கல்லுக்கும் நடுவே வெளியேறி, களத்தைத் தாண்டி, என் வண்டி நின்ற இடம்வரை ஓடிப்போய் நின்றார். நான் அவருக்குத் தோல்வி என்று எழுதினேன், அடியே விழவில்லையே என்று.

"சார், மடையான் யாரையாவது அடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார், மூச்சு வாங்கிக்கொண்டே.

பார்த்ததில்லை. தவளையைக் கொத்திப் பார்த்திருக்கிறேன். மனிதன் நெருங்கும்போது அது செய்கிற ஒரே காரியம் அந்த வெள்ளையைக் காட்டிவிட்டுப் போய்விடுவது. மூன்று மாத நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் அதை எழுதி வைத்திருந்தவன் நான்.

இப்போது எங்கள் களத்தில் மடைக்கு நேர் எதிரே பதினைந்து அடி தள்ளிச் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டிருக்கிறோம். பெயர் 'அடுத்த வரப்பு'. தாக்குகிறவர் பிடிப்பதற்குள் அந்தக் கோட்டைத் தாண்டியவருக்கு இரண்டு புள்ளி, சுத்தமாக விழுந்த அடிக்கு ஒரு புள்ளி. நீங்கள் களம் அமைக்கும்போது கோட்டுக்கு அப்பால் இன்னும் பத்தடி காலி இடம் விடுங்கள், முழு வேகத்தில் ஓடி வருகிறவருக்கு நிற்க இடம் வேண்டும்.